‘கொரெக்’ என்று எழுதினால் போதுமா?

பகலில் மொரீசியஸின் எபேன் சைபர் சிட்டியில் ஓர் அலுவலகத்தின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய பிறகு, போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற திறந்த மூல டேட்டாபேஸுக்கு யார் யாரோ அனுப்பும் பேட்ச்களை, அதாவது நிரலில் செய்யச் சொல்லும் மாற்றங்களை, வாசிக்கிறேன். போன இதழில் இதைப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். பிரிண்டர் கேள்விகள் அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம்.

கேள்வி: அக்கா, நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணினி படிக்கிறேன். போஸ்ட்கிரெஸுக்கு ஒரு சின்ன பேட்ச் அனுப்பினேன். ஒன்று அனுப்பினால் இன்னொருவர் அனுப்பியதை நாம் ரிவ்யூ செய்து தர வேண்டுமாம். எனக்கு சி மொழியே அரைகுறை. இருபது வருடமாக நிரல் எழுதுகிறவர்கள் எழுதியதில் நான் போய் என்ன குறை கண்டுபிடிப்பது?
- மாணவர், ரெதுயி

பதில்: தம்பி, குறை சொல்ல உங்களைக் கூப்பிடவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பார்த்ததைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸின் மூல நிரலில் நேரடியாகக் கைவைக்க அனுமதி உள்ள கமிட்டர்கள் முப்பது பேர் அளவில்தான் இருப்பார்கள். வரிசையில் நிற்கும் பேட்ச்களோ நூற்றுக்கணக்கில். ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என்று வருடத்தில் ஐந்து மாதம் ‘கமிட்ஃபெஸ்ட்’ நடக்கும். அந்த மாதங்களில் புதிதாக எழுதுவதை ஓரம்கட்டிவிட்டு, காத்திருப்பதை எடுத்துப் பார்ப்பார்கள். மார்ச் முடிந்து ஏப்ரலில் புது வசதிகளுக்குக் கதவு சாத்திவிடுவார்கள். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அந்த வருடத்துப் பதிப்பு வெளியாகும். எழுதுகிறவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டே இருந்தால் வாசிக்க ஆள் ஏது? அதனால்தான் நீங்கள் ஒன்று அனுப்பினால், அதே அளவில் இன்னொருவருடையதைப் பார்த்துத் தரச் சொல்கிறார்கள்.

எனக்கு ஜனவரிதான் வசதி. சைக்ளோன் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் ஆபீஸ், கடை, மெட்ரோ எல்லாம் நின்றுவிடும். கரண்ட் இருக்கிற வரை பேட்ச் வாசிக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பேட்ச்சை இன்றைய மூல நிரலில் ஒட்டிப் பாருங்கள். பல சமயம் ஒட்டாது. அவர் எழுதியது போன வருடமாக இருக்கும், அதற்குள் அடியில் இருக்கிற நிரல் மாறியிருக்கும். ‘இந்தக் கோப்பில் இந்த இடத்தில் முட்டுகிறது’ என்று எழுதுங்கள். அதுவும் ரிவ்யூதான். ஒட்டிவிட்டதா? உள்ளே இருக்கும் அசெர்ட் சோதனைகளை இயக்கும்படி அமைத்துக் கட்டுங்கள். சாதாரணமாகக் கட்டினால் வாய் திறக்காத தப்புகள் அதில் கத்தும். அப்புறம் ‘மேக் செக்’ என்ற கட்டளையைக் கொடுங்கள், இருநூறுக்கு மேல் சோதனைகள் ஓடும்.

அதற்குப் பிறகு நிரலைப் பார்க்காதீர்கள். பேட்ச்சோடு வந்த விளக்கக் குறிப்பை மட்டும் வாசித்து, அதில் உள்ளபடி அந்த வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். புரியவில்லை என்றால் புரியவில்லை என்றே எழுதுங்கள். இதற்கு உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இருபது வருட அனுபவசாலிக்கு, எது புரியாது என்பதே மறந்து போயிருக்கும்.

என் முதல் ரிவ்யூவைச் சொல்கிறேன். நீளமான ஒரு சொல்லைக் கொடுத்தால் கேட்ட அளவுக்கு வெட்டி, வால்பக்கம் மூன்று புள்ளி வைத்துத் தரும் ஒரு செயற்கூறு. எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. நிரல் துடைத்து வைத்த வீடு மாதிரி இருந்தது. சோதனைகள் எல்லாம் தேறின. ‘கொரெக்’ என்று எழுதிவிட்டுப் படுக்கப் போகலாம் என்று நினைத்தேன். (வெளிநாட்டு வாசகர்களுக்கு: எங்கள் கிரியோலில் ‘சரிதான், ஆகட்டும்’ என்பதற்கு அதுதான் சொல்.) அவர் சோதித்ததெல்லாம் ஆங்கில எழுத்து. போகிற போக்கில் என் அம்மாவின் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன், மீனாட்சி. அளவு பத்து.

‘மீன’ என்று வந்து, பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது.

அவர் எண்ணியது எழுத்தை இல்லை, பைட்டை. எழுத்துகளை பைட்டாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. மீனாட்சி என்பதைக் கணினி ம, ஈகாரக் குறி, ன, கால், ட, புள்ளி, ச, இகாரக் குறி என்று எட்டாக வைத்திருக்கும். மொத்தம் இருபத்துநான்கு பைட். பத்தாவது பைட்டில் கத்தி வைத்தால் முதல் மூன்று குறிகளுக்கு ஒன்பது போக, காலின் மூன்று பைட்டில் ஒன்று மட்டும் அறுந்து தொங்குகிறது. அந்தக் கட்டம் அதுதான்.

திரையில் கட்டம் தெரிந்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய்விடலாம். நான் அந்த விடையை ஓர் அட்டவணையில் போட்டேன், மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. பிறகு அந்த டேட்டாபேஸை பேக்கப் எடுத்து வேறு இடத்தில் திரும்ப ஏற்றினேன். அங்கேதான் நின்றது: யூடிஎஃப்-8க்குப் பொருந்தாத பைட் வரிசை என்று பிழை. யோசித்துப் பாருங்கள், ஒருவர் மாதக்கணக்காக இதை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துவார், ஒன்றும் தெரியாது. சர்வர் படுத்து, பேக்கப்பைத் தேடி ஓடுகிற அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தனையையும் வரிசையாக எழுதினேன்: என்ன கொடுத்தேன், என்ன வந்தது, எதை எதிர்பார்த்தேன். திருத்த வழி எனக்குத் தெரியவில்லை, தேடினேன். போஸ்ட்கிரெஸிலேயே ஓர் இடம் இருக்கிறது. அட்டவணைக்கோ பத்திக்கோ வைக்கும் பெயர் 63 பைட்டுக்கு மேல் போனால் அது வெட்டிவிட்டு ஓர் அறிவிப்புக் கொடுக்கும். தமிழில் பெயர் வைத்தால் 21 குறிதான். அங்கே எழுத்தின் நடுவே வெட்டாமல் இருக்க பிஜி-எம்பி-கிளிப்-லென் என்ற செயற்கூற்றைக் கூப்பிடுகிறார்கள். ‘இதையே நீங்களும் கூப்பிட்டால் என்ன?’ என்று கேள்வியாக எழுதினேன். கேள்வியாகக் கேட்பது நல்லது தம்பி. நாம் சொன்னது தப்பாக இருந்தால் இரண்டு பேருக்கும் மானம் போகாது.

அவர் நன்றி சொல்லி இரண்டாவது வடிவம் அனுப்பினார். கட்டம் போய்விட்டது. இப்போது ‘மீன’வும் மூன்று புள்ளியும். அம்மா எட்டிப் பார்த்து, “காலை ஏன்டி வெட்டினே?” என்றார். நாம் மீ, னா, ட், சி என்று நான்கு எழுத்தாக வாசிக்கிறோம். போஸ்ட்கிரெஸ் எட்டு என்கிறது. லெஃப்ட் என்ற பழைய செயற்கூறும் இப்படித்தான். இனிஷியல் எடுக்க ஓர் எழுத்துக் கேட்டால் மீனாட்சிக்கு ‘மீ’ தராது, ‘ம’ தரும். இதையும் எழுதினேன். ஆனால் தனிப் பத்தியில், ‘இது இந்தப் பேட்ச்சின் குற்றமில்லை, இதற்காக நிறுத்த வேண்டாம்’ என்று சொல்லி. திருத்தியே ஆக வேண்டியதையும் நமக்கு இருக்கிற ஆசையையும் ஒரே மூட்டையில் கட்டினால் எழுதியவர் பாவம், எதைச் செய்வார்?

அத்தோடு நிற்கவில்லை. அவர் உற்சாகத்தில் என் அம்மா பெயரைப் பொதுச் சோதனைக் கோப்பிலேயே சேர்த்துவிட்டார். யூடிஎஃப்-8 அல்லாத டேட்டாபேஸில் அந்தச் சோதனை தோற்கும், தனிக் கோப்பில் வையுங்கள் என்று இன்னொருவர் எழுதினார். அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்படி மூன்று ராத்திரி போனது. நான்காம் நாள் ஒரு பழைய கை ஒரே வரியில் கேட்டார்: லெஃப்டையும், இரண்டு சொல்லை ஒட்டும் குறியையும் சேர்த்தாலே இது நடக்குமே, சர்வருக்குள் இது எதற்கு?

பேட்ச் திருப்பி அனுப்பப்பட்டது. நான் பைட் பைட்டாக எண்ணினேனே தவிர, இது தேவைதானா என்று முதல் நாளே கேட்கவில்லை. இப்போது பேட்ச்சை ஒட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுவிடுகிறேன்.

கேள்வி: எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, ‘கொரெக்’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாதா?
- வாசகர், குரேபிப்

பதில்: போதாது. நீங்கள் ஓட்டினீர்களா, வாசித்தீர்களா, தலைப்பை மட்டும் பார்த்தீர்களா என்று கமிட்டருக்கு எப்படித் தெரியும்? ‘இந்தத் தேதி மூலத்தில் ஒட்டினேன், சோதனைகள் தேறின, இதை இதைக் கொடுத்துப் பார்த்தேன், ஒரே வேலையைப் பலதாகப் பிரித்து ஓட்டும் பேரலல் பக்கம் நான் போகவில்லை’ என்று நாலு வரி எழுதுங்கள். எங்கே போகவில்லை என்று சொல்வதுதான் அதில் முக்கியம். அந்த இடத்தை அடுத்தவர் பார்த்துக்கொள்வார்.

ரிவ்யூவை ஏஐயிடம் கேட்டு ஒட்டிவிடலாமா என்று அதே கடிதத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் நீங்களே ஓட்டிப் பார்க்காத ஒரு வரியைக்கூட உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். திருப்பிக் கேள்வி கேட்டால் முழிக்கப் போவது நீங்கள்.

கேள்வி: என் மகன் ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட்டும் சாப்பிடாமலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர் எழுதியதைத் திருத்துகிறான். காசு வருமா என்றால் சிரிக்கிறான். ஏமாற்றுகிறார்களா?
- ஒரு தாய், போ பாஸேன்

பதில்: அம்மா, யாரும் ஏமாற்றவில்லை. அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். 1986இல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாகத் தொடங்கியது. 1996இல் இப்போதைய பெயர் வைத்தார்கள். அதிலிருந்து உலகம் முழுவதும் பலர் சேர்ந்து நடத்துகிறார்கள். சிலருக்கு அவர்கள் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது, உங்கள் மகனைப் போன்றவர்கள் விருப்பத்துக்குச் செய்கிறார்கள். நம் கோயிலில் ஏழு கறி பரிமாற வாழையிலை கழுவுகிறவர்களிடம் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்களா?

ஒன்று கிடைக்கும். அவர் பார்த்துக் கொடுத்த பேட்ச் சேர்க்கப்பட்டால், அந்த மாற்றக் குறிப்பிலேயே ‘ரிவ்யூ செய்தவர்’ என்று அவர் பெயர் போகும். வருடப் பதிப்பின் நன்றிப் பட்டியலிலும் வரும். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் அதைத் தேடிப் பார்ப்பதுண்டு. சான்றிதழைவிட ஒருவர் இன்னொருவரின் நிரலைப் பற்றி எழுதிய நாலு பத்தி ஆளைக் காட்டிவிடும்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வாசிப்பது மண்டையில் ஏறாது என்று நான் சொன்னதாகச் சொல்லிப் படுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மணி, நான் தமிழ் ஆசிரியர். மாணவர் பட்டியலைத் தமிழில் போட்டு வரிசைப்படுத்தினால் கனகா முதலில் வருகிறாள், கமலா பின்னால் போகிறாள். அகராதியில் ன கடைசி எழுத்தல்லவா? கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா?
- ஆசிரியர், காத்ர் போர்ன்

பதில்: ஐயா, உங்கள் வரிசைதான் சரி. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுத்தபோது மற்ற இந்திய எழுத்துகளின் அச்சில் வார்த்துவிட்டார்கள். அதில் ன போய் ந-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, ற ர-வுக்குப் பக்கத்தில். ழ, ள இரண்டும் வ-வுக்கு முன்னால். அதனால்தான் பழனி வந்த பிறகு பவானி வருகிறாள். ஜ நடுவில் நுழைந்து ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில் நிற்கிறது. வெறும் எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் இதுதான் கிடைக்கும்.

எண் வரிசை வேறு, மொழி வரிசை வேறு. போஸ்ட்கிரெஸ் 2017இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஐசியு என்ற நூலகத்தின் மொழி வரிசையைப் பயன்படுத்தத் தெரிந்துவைத்திருக்கிறது. உங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவரிடம், வரிசைப்படுத்தும் இடத்தில் ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ கொலேஷன், அதாவது தமிழ் வரிசை விதி, போடச் சொல்லுங்கள். கமலா முன்னால் வந்துவிடுவாள், ஜெயா கடைசிக்குப் போய்விடுவாள். இதை ஜெயாவிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

நானும் இதில் அடிபட்டவள்தான். ஒரு கோயில் சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் செய்து கொடுத்து, எண் வரிசையில் அச்சடித்துவிட்டேன். ஒரு பெரியவர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்து, “இது யார் போட்ட வரிசை?” என்றார். வரிசை என்றால் நம்மவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. 1998இல் நம் தீவில் புது ரூபாய் நோட்டு வந்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று எழுந்த கூச்சலில், நோட்டையே திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி மறுபடியும் அச்சடித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்தப் பெரியவரும் அந்தக் காலத்து ஆள். பட்டியல் மறுநாளே மாறியது.

வரிசைப்படுத்தலைத் தொடும் பேட்ச் எது வந்தாலும் இப்போது கனகா, கமலா, பழனி, பவானி, ஜெயா, ஞானம் ஆறு பேரையும் உள்ளே அனுப்பிப் பார்க்கிறேன்.

கேள்வி: ஒரு திறந்த மூலத் திட்டத்துக்கு நான் அனுப்பிய பேட்ச் நான்கு மாதமாக அப்படியே கிடக்கிறது. நல்லது கெட்டது ஒரு பதில் இல்லை. விட்டுவிடலாமா?
- வாசகி, வக்வா

பதில்: விடாதீர்கள், ஆனால் ‘என்ன ஆச்சு?’ என்று மட்டும் எழுதாதீர்கள். இன்றைய மூலத்தில் மறுபடி ஒட்டும்படி செய்து புது வடிவம் அனுப்புங்கள். பேட்ச் ஆயிரம் வரி என்றால், தனியாக நிற்கக்கூடிய சின்னப் பகுதியைப் பிரித்து முதலாவதாக வையுங்கள். ஆயிரம் வரியை யாரும் சாயங்காலத்தில் கையில் எடுக்க மாட்டார்கள், ஐம்பது வரியை எடுப்பார்கள். அப்புறம், நீங்கள் இரண்டு பேருடையதைப் பாருங்கள். பதிலுக்குப் பதில் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனாலும் மனிதர்கள்தானே.

கேள்வி: 2008 டிசம்பர் கணக்குகளைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றினோம். எல்லா நேரமும் ஒரு மணி நேரம் தள்ளி நிற்கிறது. 2007உம் 2010உம் சரியாக இருக்கின்றன. வைரஸா?
- கணக்காளர், போர்ட் லூயி

பதில்: வைரஸ் இல்லை ஐயா, அந்தக் கோடையை நீங்கள் மறந்துவிட்டீர்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க 2008 அக்டோபர் 26 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினோம், 2009 மார்ச் 29 அன்று திருப்பி வைத்தோம், மறு வருடம் அந்தப் பேச்சே இல்லை. நாம் மறந்தாலும் உலக நேர மண்டலக் கோப்பு மறக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் அதன் ஒரு நகலைக் கூடவே வைத்திருக்கிறது. இந்தியன்/மொரீசியஸ் என்று மண்டலம் கொடுத்தால் அந்த ஐந்து மாதத்துக்குக் கிரீன்விச்சிலிருந்து ஐந்து மணி, அதற்குச் சற்று முன்னும் பின்னும் நான்கு. உங்கள் பழைய மென்பொருள் எப்போதும் நான்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கும். எது எந்த நேரத்தில் பதிவானது என்று ஒரு ரசீதைக் கையில் வைத்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு மாற்றுங்கள். மொத்தமாக ஒரு மணி நேரம் கழித்துவிடாதீர்கள்.

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கும் இது உதவும். 2008 அக்டோபர் 26 விடியற்காலை 2.30 நம் தீவில் வரவே இல்லை, 2009 மார்ச் 29 விடியற்காலை 1.30 இரண்டு தடவை வந்தது. போஸ்ட்கிரெஸிடம் முதலாவதைக் கேட்டால் 3.30 என்று சொல்லும், இரண்டாவதைக் கேட்டால் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு வந்த 1.30ஐ எடுத்துக்கொள்ளும். தேதியைத் தொடும் பேட்ச் கைக்கு வந்தால் இந்த இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். நியூயார்க் நேரத்தை அவர்களே சோதித்திருப்பார்கள்.